முஸ்தீபுச் சக்கரவர்த்தி

மாசி பிறந்து, புளியமரங்களில் உலுக்கல் நடந்து, மண்டிகளில் மூட்டைகள் கூரையை எட்டும் பருவத்தில், தருமபுரி நகரத்தின் தெருக்கள் சிலவற்றில் ஓர் அபூர்வ மனிதர் விழித்தெழுகிறார். பெரும்பாலும் அவர் தமிழாசிரியராகவே இருப்பார். மே மாதம் முழுவதும் வீட்டில் இருந்துகொண்டு சம்பளம் வாங்கும் பாக்கியம் வேறு எந்த உத்தியோகஸ்தருக்கு உண்டு? ஐம்பதை எட்டிப் பார்க்கும் பிராயம், சற்றே ஸ்தூலமான சரீரம், வலது முழங்காலில் நாள்பட்ட ஒரு பிடிப்பு ஆகிய இவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல், முதுகில் ஒரு பையும் கையில் ஒரு கோலுமாகத் தீர்த்தமலையில் புறப்பட்டு, அரூரைக் கடந்து, சித்தேரி மலை ஏறி, அங்குள்ள சிற்றூர்கள் வழியே நாலைந்து நாள் நடந்து திரும்புவது என்று அவர் சங்கல்பம் செய்துகொள்கிறார். இதே சங்கல்பம் போன வருஷமும் செய்யப்பட்டது. அதற்கு முந்திய வருஷமும் செய்யப்பட்டது.

முதற்கண் ஞான சம்பாதனம். தீர்த்தமலையின் ராம தீர்த்தம் முதல் அக்கினி தீர்த்தம் ஈறாக ஐந்தையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். வத்தல்மலையில் காபியும் மிளகும் விளையும் விருத்தாந்தம், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையில் யானை குறுக்கிட்டால் என்ன செய்யவேண்டும் என்பது, எல்லாம் அவருக்குக் கரதலப் பாடம். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ அவர் மேஜையை விட்டு அகன்றதில்லை. அந்தப் புத்தகத்தின் அட்டை தேய்ந்த அளவுக்கு அவருடைய செருப்புத் தேயவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது பை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளின் ஆராய்ச்சிக்குப் பிறகு, பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தது அது: ஆகாய நீலம், மார்புக்கு ஒரு வார், இடுப்புக்கு ஒரு வார், எதற்கென்று இன்றுவரை அவருக்கே விளங்காத வார்கள் இன்னும் சில. “அறுபது லிட்டர்!” என்று அவர் பெருமிதத்தோடு அறிவித்தபோது, அரிசி களைந்துகொண்டிருந்த தர்மபத்தினி நிமிர்ந்து பார்த்து, “ஏங்க, துணி வைக்கிற பைக்கு எதுக்குங்க லிட்டர் கணக்கு? பால் ஊத்திக்கிட்டுப் போறீங்களா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. மேதாவிகள் குடும்பத்தில் அனுபவிக்கும் ஏகாந்தம் எத்தகையது என்பதை அந்த மௌனத்தில் காணலாம்.

சுமக்கும் பாரம் சரீர எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மலையேறிகளின் சாஸ்திரம். அவர் எழுபத்தைந்து கிலோ. ஆகவே பதினைந்து கிலோ அனுமதி. நிரப்பிய பையை நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவருடைய புளி மண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார். தராசில் வைத்த மண்டிக்காரர், பழக்க தோஷத்தினால், “சார், கொட்டை எடுத்ததுங்களா, எடுக்காததுங்களா?” என்று கேட்டுவிட்டார். முள் பத்தொன்பதில் நின்றது. அன்று இரவு முழுவதும் எதைக் கழிப்பது என்ற விசாரம். கூடாரத்தைக் கழிக்க முடியாது. மழைச்சட்டையைக் கழிக்க முடியாது, அக்கினி நட்சத்திரமாகவே இருந்தாலும் கோடைமழை யார் கையில் இருக்கிறது? விடியற்காலையில், இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துப் பல்துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். மேல்நாட்டு யாத்ரீகர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம். ஒரு விரற்கடைப் பிளாஸ்டிக் துண்டு தரையில் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு பற்றற்ற துறவியின் சாந்தி பரவிற்று. அன்று மாலையே, மலையில் கடை கண்ணி இருக்குமோ இருக்காதோ என்ற கவலையில், அம்மையார் முறுக்கு ஒரு டின்னும், ராகி மாவு இரண்டு கிலோவும், எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடியும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டார்.

பிறகு அப்பியாசம். பையைச் சுமந்துகொண்டு அந்திப்பொழுதில் பேருந்து நிலையம் வரை போய் வருவார். தருமபுரியில் பையும் கையுமாக நிற்பவனைக் கண்டால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றும். மழை பொய்த்த வருஷங்களில் எத்தனை குடும்பங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறியிருக்கின்றன! “எந்த மேஸ்திரிகிட்டங்க வேலை? இன்னும் ஆள் வேணுமாமா?” என்று ஒரு பெரியவர் மெய்யான அக்கறையோடு விசாரித்தார். பொழுதுபோக்குக்காக மூட்டை சுமக்கிறேன் என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? “விசாரித்துச் சொல்கிறேன், ஐயா” என்று நம்மவர் நழுவிவிட்டார். அவர் சுபாவத்தில் எனக்குப் பிடித்த அம்சங்களில் இது ஒன்று.

சுமை விஷயத்தில் அவருக்கு உள்ளூர் ஆதாரங்களும் உண்டு. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வண்டி ஏற வழியில்லாமையால், 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின்மேல் ஏற்றி அனுப்பினார்கள் அல்லவா? அதை எடுத்துக்காட்டி, “பாரம் இரண்டு பக்கமும் எப்படிச் சமமாகத் தொங்கியது, கவனித்தாயா?” என்றார் மனைவியிடம். “கவனிச்சேங்க. அதுங்க போய்ச் சேர்ந்துடுச்சுங்களே” என்றாள் அந்த உத்தமி.

தமிழாசிரியர் என்ற முறையில் ஒளவையாரையும் அவர் விட்டுவைப்பதில்லை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரத் தாமதித்தபோது, வாயிற்காவலனை விளித்து ஒளவை பாடிய பாட்டு, புறநானூற்றில் 206ஆவதாக இருக்கிறது. வாத்தியங்களைத் தோளில் ஏற்றிக்கொள்வதும் பையைச் சுருக்கிக் கட்டுவதும் அதில் ஒரே அடியில் முடிந்துவிடுகின்றன, கோபித்துக்கொண்டவள் புறப்பட்டேவிட்டாள். நம்மவரோ அந்த ஓர் அடிக்கு வகுப்பில் அரைமணி நேரம் வியாக்கியானம் செய்து, கனமான வாத்தியம் முதுகெலும்பை ஒட்டி இருந்திருக்க வேண்டும் என்ற முடிவோடு மணியடிக்கும்வரை நிறுத்தமாட்டார்.

இவ்வளவும் ஆன பின்பு யாத்திரை என்னவாயிற்று என்று கேட்பவர்கள் அவரை அறியாதவர்கள். சித்திரையில் காட்டுத்தீப் பயத்தால் வனத்துறையார் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்களுடைய கண்டிப்பு நியாயமானது, நம்மவருக்கோ அது தெய்வாதீனமானது. அப்புறம் கத்திரி வெயில். அப்புறம் வைகாசி முகூர்த்தங்கள். அதற்குள் காரிமங்கலத்தில் மாமனார் தோப்பில் செந்தூரா பழுத்துவிட்டது என்று செய்தி வரும். பை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஊர் எல்லையைத் தாண்டும். அறுபது லிட்டருக்கு எத்தனை மாம்பழம் கொள்ளும் என்பதை அனுபவபூர்வமாக அறிந்த ஒரே தமிழறிஞர் அவராகத்தான் இருக்கவேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் பை பரண்மேல் ஏறிவிடும்.

மலைப் பக்கம் போக உத்தேசமுள்ள நேயர்கள் பை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். அவரிடம் இரவல் கேளுங்கள். முகம் சுளிக்காமல் கொடுப்பார். ஆனால், எந்த வாரை எப்படி இழுத்துக் கட்டவேண்டும் என்ற பிரசங்கத்துக்காக ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்கிக்கொண்டு போங்கள். உள்ளே மாங்கொட்டை ஏதேனும் கிடக்கிறதா என்றும் உதறிப் பார்த்துவிடுங்கள்.