இம்பாக்ட் எழுத்துரு: தடிப்பின் இயல்பும் பயனும்

1. வரையறை

இம்பாக்ட் என்பது கொட்டை எழுத்து இனத்தைச் சேர்ந்த ஒரு தலைப்பு எழுத்துரு. உடல் தடித்தது, அகலம் குறைந்தது, முனைகளில் கொடுக்கு இல்லாதது. வாசிக்கும் முன்பே காதில் விழுந்துவிடுவது இதன் முதன்மை இயல்பு. இந்த எழுத்துருவில் எதையும் மெதுவாகச் சொல்ல இயலாது. ‘அமைதி காக்கவும்’ என்ற வேண்டுகோள்கூட இதில் அதட்டலாகவே வெளிப்படும்.

2. தோற்றம்

இதை வடிவமைத்தவர் ஆங்கிலேய விளம்பரக் கலைஞர் ஜெஃப்ரி லீ. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் எழுத்து வார்ப்பகம் 1965-இல் இதை ஈய எழுத்தாக வெளியிட்டது. ஒல்லியும் தடிப்புமான எழுத்துகளுக்கு அப்போது நல்ல கிராக்கி. 1954-இல் ஷ்மால்ஃபெட்டே குரோட்டெஸ்க், 1963-இல் காம்பாக்டா என இதே சாயலில் இரண்டு மூத்தவை ஏற்கெனவே இருந்தன. கொடுத்த அளவுக்குள் எவ்வளவு மையைத் தாளில் ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றுவதே லீயின் நோக்கம். ஒளியச்சுக்கோப்பு தலையெடுத்து, ஈய எழுத்துத் தொழில் ஒடுங்கிவந்த காலம் அது. கடைக்குட்டியாகப் பிறந்தும் இதன் குரல் கம்மவில்லை.

3. உடற்கூறு

அகலத்தைப் பாதியாக்கினால், அதே வரியில் எழுத்தை இருமடங்கு உயரமாக நிறுத்தலாம் என்பதே குறுகிய எழுத்துகளின் அடிப்படைக் கணக்கு. தலைப்புக்குக் கிடைக்கும் பத்தியின் அகலம் மாறாதது. ஆசிரியரின் ஆவேசம் அப்படியல்ல. இந்த முரணை இம்பாக்ட் தீர்த்துவைக்கிறது.

ஆங்கிலத்தின் ‘ஓ’ எழுத்தை எடுத்துக்கொண்டால் அமைப்பு விளங்கும். மற்ற எழுத்துருக்களில் வட்டமாக இருக்கும் அது, இங்கே தோளோடு தோள் நிற்கும் இரண்டு தூண்களாகிவிடுகிறது. நடுவில் வெளிச்சம் புக ஒரு கீற்று மட்டுமே மிச்சம். சிற்றெழுத்துகளின் உடலும் பேரெழுத்தின் உயரத்தை எட்டிப்பிடிக்கப் பார்க்கும். மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நீளவேண்டிய கொம்புகளும் வால்களும் குட்டையாகவே நின்றுவிடும். எழுத்துக்கு எழுத்து இடைவெளியும் அரிது. முகூர்த்த நாள் டவுன் பஸ்ஸில் நிற்பவர்களைப் போல நெருக்கியடித்தே நிற்கும். பத்துப் புள்ளி அளவில் அச்சிட்டால், மை பரவி அந்தக் கீற்றும் அடைபட்டு, வாக்கியம் கறுப்புப் பட்டையாகிவிடும்.

4. பரவல்

1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென இலவசமாக வழங்கத் தொடங்கிய எழுத்துருத் தொகுப்பில் இம்பாக்டும் இடம்பெற்றது. காமிக் சான்ஸ், ஜார்ஜியா, வெர்டானா ஆகியவை உடன்வந்தவை. வசவில் பெரும்பங்கைக் காமிக் சான்ஸ் வாங்கிக்கொண்டதால் இம்பாக்ட் ஓரளவு தப்பியது. 2002-இல் இலவச வழங்கல் நின்றபோது, அது ஏற்கெனவே கணினிதோறும் குடியேறியிருந்தது.

5. பயன்பாட்டு வகைகள்

அ. செய்தி: தலைப்பு, சுவரொட்டி. இதன் பிறவிக் கடமை.

ஆ. வணிகம்: தள்ளுபடி அறிவிப்பு. சதவீத எண் பெரியதாகவும், ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்பது வேறோர் எழுத்துருவில் சிறியதாகவும் இருத்தல் மரபு.

இ. நிர்வாகம்: அலுவலகக் கழிவறைக் கதவின் அறிவுரைகள். பணிவான முதல் அறிவிப்பு பலிக்காத நிலையில் ஒட்டப்படுவது.

ஈ. மீம்: ஆய்வுக்கு மிகவும் தக்க வகை. 2007 வாக்கில் பூனைப் படங்கள் உலகெங்கும் பரவியபோது அவற்றின் அதிகாரபூர்வக் குரலாக இம்பாக்ட் அமைந்தது. காரணங்கள் முற்றிலும் தொழில்நுட்பம் சார்ந்தவை. பெரும்பாலான கணினிகளில் அது கைவசம் இருந்தது. தொகுப்பில் இருந்த இன்னொரு தடியனான ஏரியல் பிளாக் அகலமானது. அதில் ஒரு வாக்கியம் எழுதினால் பூனையைத் தாண்டிப் போய்விடும். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டினால், பூனை எந்த நிறமாயினும் எழுத்து மறையாது. இந்த விளிம்பைத் தாங்கும் உடம்பு மெலிந்த எழுத்துகளுக்குக் கிடையாது. மேல் வரியில் பீடிகை, கீழ் வரியில் வெடி என்பது இலக்கணமாயிற்று.

6. விதிகள்

மேற்கண்ட வகைகளிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படும். முதலாவது, எழுத்தின் தடிப்பும் செய்தியின் கனமும் எதிர்விகிதத்தில் இயங்கும். இரண்டாவது, பக்கத்திலுள்ள எல்லாமே இம்பாக்டில் இருந்தால் எதுவுமே இம்பாக்டில் இல்லாததற்குச் சமம்.

7. தமிழ்நிலை

இம்பாக்டில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழை உள்ளிட்டு இம்பாக்டைத் தேர்ந்தால், விண்டோஸ் தன் வயதைப் பொறுத்து லதா, நிர்மலா என்ற தமிழ் எழுத்துருக்களில் ஒன்றை அனுப்பிவைக்கும். எனவே வடிவேலு படத்தின்மேல் ஆங்கில எழுத்தில் தமிழ் வசனம் எழுதும் இடைக்கால ஏற்பாடு தோன்றியது. தமிழை இதே அளவுக்கு நெருக்குவதும் எளிதன்று. ‘ணை’யின் சுழிகளைத் தடிக்கவைத்தால் உள்வெளி முழுதும் அடைபடும். மேலே ‘கி’யின் கொக்கிக்கும் கீழே ‘மூ’வின் வளைவுக்கும் இடம்விட வேண்டியிருப்பதால், உடலை உச்சிவரை உயர்த்தவும் வழியில்லை.

8. உரிய அளவு

ஒரு பக்கத்துக்கு ஒரு வரி போதுமானது. சொற்கள் ஐந்தைத் தாண்டாதிருத்தல் நலம். திருமண அழைப்பிதழ், இரங்கல் குறிப்பு, மன்னிப்புக் கடிதம் ஆகிய மூன்றிலும் விலக்கத்தக்கது. ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் சூழ்நிலையைப் பொறுத்து அனுமதிக்கலாம்.