குதித்தலும் குதித்தல் நிமித்தமும்

மேல்வீட்டுக் குழந்தை குதிப்பதையும், அதனால் கீழ்வீட்டாருக்கு நேர்வதையும் ஆராயும் துறை குதிப்பியல். சென்னையிலிருந்து சிறு குழந்தைகளுடன் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் இதற்குச் சிறந்த ஆய்வுக்களம். அகத்திணை மரபையொட்டி இத்துறையும் முதல், கரு, உரி என முப்பாற்படும்.

முதற்பொருளுள் நிலமாவது, முதல் உலகப்போருக்கு முன் எழுந்த கட்டடத்தின் மூன்றாம் மாடி. அங்கே மர உத்திரங்களின் மேல் பலகை பாவியிருக்கும். இடைவெளியில் மணலோ கசடோ நிரம்பியிருக்கும். குழந்தையின் அழுகை காற்றில் செல்வதால் பெருமளவு தடைபட்டுவிடும். குதிப்போ பலகையில் இறங்கி, உத்திரத்தின் வழியே கீழ்வீட்டு உட்கூரையை அடையும்.

பொழுது இருவகைத்து. இரவு 10 முதல் காலை 6 வரை உள்ள அமைதி நேரம் சிறுபொழுது. அமைதி காக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெரும்பொழுது. குளிர்காலத்தில் பெர்லின் நேரம் இந்திய நேரத்துக்கு நாலரை மணி பின்தங்கியிருக்கும். ஆகவே சென்னையில் காலை 7 மணிக்கு எழுந்து பழகிய குழந்தை, வந்த புதிதில் அதிகாலை 2.30 மணிக்கே எழுந்து விளையாட ஆயத்தமாகிவிடும்.

கருப்பொருள்களுள் உணவு, ரொட்டியும் வெண்ணெயும். ஏனெனில் ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் சமையலறைப் பொருத்துகள் இரா, குடிவருபவரே வாங்கிப் பொருத்த வேண்டும். தெய்வம், வீட்டு உரிமையாளர். பறை, கீழ்வீட்டார் உட்கூரையில் தட்டும் துடைப்பக் கம்பு. தொழில், கட்டில் பூட்டுதல். சனிக்கிழமை மாலை வாங்கிய கட்டிலை ஞாயிறன்று சுத்தியலால் தட்டிப் பூட்டினால் அமைதி குலையும். எனவே அது திங்கள்வரை அட்டைப்பெட்டியில் கிடக்கும். அதுவரை தரையில் கிடக்கும் மெத்தை, குதிப்பதற்கென்றே செய்ததுபோல் பயன்படும்.

உரிப்பொருளாகிய குதித்தல் மூவகை: சூட்கேஸிலிருந்து மெத்தைக்குக் குதித்தல், மெத்தையிலிருந்து பலகைக்குக் குதித்தல், நின்ற இடத்திலேயே காரணமின்றிக் குதித்தல். முதல்வகை கீழே அதிகம் கேட்பதில்லை. மற்ற இரண்டுக்குமே பறை முழங்கும்.

குதித்தல் நிமித்தமாவது, பெற்றோர் மேற்கொள்ளும் தடுப்புமுறைகள். அவை கம்பளம் விரித்தல், கெஞ்சல், அதட்டல் என்பன. கம்பளம் அதிர்வை அது தோன்றும் இடத்திலேயே தணிப்பதால் பயன் தரும். கெஞ்சலைக் குழந்தை விளையாட்டின் ஒரு பகுதியாகக் கொள்ளும். அதட்டல் அழுகையில் முடியும்.

குதித்தல், குதித்தல் நிமித்தம் ஆகிய இரண்டின் சட்ட நிலையும் வேறுவேறு. 2010இல் பெர்லின் மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தி, குழந்தைகள் எழுப்பும் ஓசை அவர்கள் வளர்ச்சியின் இயல்பான வெளிப்பாடு, பொதுவாகப் பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று வகுத்தது. 2011இல் நாடு முழுமைக்குமான சட்டமும் மழலையர் காப்பகங்களின், விளையாட்டுத் திடல்களின் ஓசைக்கு அவ்வாறே இடமளித்தது. ஆகவே குதித்தலுக்குச் சட்டத்தின் பரிவு உண்டு. குதித்தல் நிமித்தத்துக்கு, அதாவது அதிகாலை 2.30 மணிக்கு அப்பா போடும் ‘குதிக்காதே!’ என்னும் கூச்சலுக்கு, அது கிடையாது.