ஆளோலையும் பத்துக்குப் பத்தும்: மின்கார் மனநிறைவு குறித்த திருவெண்ணெய்நல்லூர் விசாரணை

மின்சாரக் கார் வாங்கியவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்ற வழக்கை எந்த ஊரில் வைத்து விசாரிப்பது? கார் ஊர் என்ற தகுதியில் டெட்ராய்ட் முன்னுக்கு வரும். ஆனால் ஒரு பத்திரத்தை நம்பலாமா கூடாதா என்று விசாரித்த முன்னனுபவம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூருக்குத்தான் உண்டு. ஆகவே வழக்கு இங்கே மாற்றப்படுகிறது.

முன் வழக்கின் விவரம் பெரியபுராணத்தில் இருக்கிறது. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். பந்தலுக்குள் ஒரு கிழவர் ஓலையோடு நுழைந்து, மாப்பிள்ளை பாட்டன் காலம் முதலே தனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் சபைக்கு வருகிறது. அங்கே செல்லுபடியான சாட்சியம் மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. நடைமுறையில் இருந்துவரும் அனுபவம், எழுத்து, பக்கத்தில் இருப்பவர் கண்டது. கிழவர் ஆவணத்தைக் காட்டினார். சபையார் அதையும் அப்படியே நம்பிவிடாமல், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

வாடிக்கையாளர் மனநிறைவுக் கணிப்பு இந்த மூன்றில் ஒன்றை மட்டுமே கொண்டுவருகிறது. கையெழுத்தை ஒத்துப் பார்ப்பாரும் இல்லை.

ஆவணங்களை முதலில் பார்ப்போம். 2024 டிசம்பரில் உலக மின்வாகனக் கூட்டணி, 18 நாடுகளில் 23,000-க்கு மேற்பட்ட மின்கார் ஓட்டுநர்களைக் கேட்டு, 92 சதவீதம் பேர் மறுபடியும் மின்காரே வாங்குவார்கள் என்றது. அதே ஆண்டு ஜூனில் மெக்கின்சி நிறுவனம், உலக அளவில் மின்கார் வைத்திருப்போரில் 29 சதவீதம் பேர் பெட்ரோல், டீசலுக்கே திரும்பும் மனநிலையில் இருப்பதாகச் சொன்னது. அதையொட்டி பார்க் பிளஸ் என்ற இந்தியச் செயலி நிறுவனம் டெல்லி, மும்பை, பெங்களூரில் 500 பேரைக் கேட்டு, திரும்ப நினைப்பவர்கள் 51 சதவீதம் என்றது. 2025-இல் அமெரிக்காவின் ஜே.டி. பவர் வெளியிட்ட ஆய்வில், அடுத்ததும் மின்கார்தான் என்று யோசிப்பவர்கள் 94 சதவீதம். பெட்ரோலை யோசிப்பவர்கள் 12 சதவீதம். கூட்டினால் 106 வருகிறது. கணக்கில் பிழை இல்லை, ஒரே ஆள் இரண்டையும் யோசிக்கலாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீடுகளில் இந்தக் கணக்கு வெகுகாலமாக வழக்கத்தில் இருக்கிறது.

92-க்கும் 51-க்கும் ஒரே உலகத்தில் இடம் கிடைத்தது எப்படி? யாரைப் போய்க் கேட்டார்கள் என்பதில் பாதி விடை இருக்கிறது. அந்தக் கூட்டணி மின்கார் ஓட்டுநர் சங்கங்களின் கூட்டணி. மயிலம் மலைப்படியில் காவடியோடு ஏறுகிறவரை நிறுத்தி, ‘முருகனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பது போன்றது அது. இதற்கு முன்னோடியும் உண்டு: 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்டு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. கார், டெலிபோன் வைத்திருப்போரின் பட்டியல்களிலிருந்து பெருமளவு பெயர் எடுத்து, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார்.

மீதிப் பாதி விடை டெலிவரி தினத்தன்று ஷோரூமிலேயே உருவாகிறது. மாலை, பூசணிக்காய், டயருக்கு நான்கு எலுமிச்சை, ஆளுயர அட்டைச் சாவியோடு குடும்பப் படம். எல்லாம் முடிந்ததும் விற்பனைப் பையன் காதருகே வருவான். “சார், கம்பெனிலேர்ந்து ஒரு கால் வரும். பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார். ஒன்பது சொன்னாலும் எங்களுக்கு ஃபெயில்தான்.” அன்று மாலையிலிருந்து வாங்கியவர் மனத்தில் காரின் தரம் பற்றிய கேள்வியே இல்லை. அந்தப் பையனின் இன்சென்டிவ்தான் இருக்கிறது. பத்து என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பத்து மின்காரைப் பற்றியதன்று, தமிழ்நாட்டின் இரக்க சுபாவத்தைப் பற்றியது.

இதற்கு மூலகாரணர் ஃப்ரெட் ரைக்ஹெல்ட். 2003 டிசம்பரில் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் அவர் எழுதிய கட்டுரையின் சூத்திரம் இது: நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா என்று கேட்டு, 9, 10 சொன்னவர்களிலிருந்து 0 முதல் 6 வரை சொன்னவர்களைக் கழி, 7, 8 சொன்னவர்களை எந்தப் பக்கமும் சேர்க்காதே. ரைக்ஹெல்ட் திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். 35 பாஸ், 60 முதல் வகுப்பு என்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளை 98 வாங்கி வந்தால், ‘மீதி ரெண்டு எங்கே?’ என்று கேட்கிற அப்பா ஒரு வண்டிக்கு 7 போடுகிறார் என்றால் அது புளகாங்கிதம். சூத்திரத்தில் அதற்கு மதிப்பு பூஜ்யம். இதே ஊர்ச் சடையப்ப வள்ளலைக் கம்பர் நூறு பாட்டுக்கு ஒரு முறை புகழ நினைத்ததாகவும், அது ஆயிரத்துக்கு ஒன்று என்று குறைக்கப்பட்டதாகவும் ஒரு வழக்கு உண்டு. புரவலர் விஷயத்தில் அந்த நிதானம் இன்றைய ஷோரூம்களில் காணப்படவில்லை.

இனி ஆட்சி. டாடா நெக்ஸான் மின்காரின் 45 கிலோவாட் மணி பேட்டரிக்குச் சான்றிதழ் சொல்லும் தூரம் 489 கி.மீ.; சாலையில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது 350 முதல் 370 வரை என்று அந்நிறுவனமே இன்னொரு கணக்கும் தருகிறது. மூல ஓலையும் படியோலையும் ஒரே கையால் வழங்கப்படுவது பாராட்டத் தக்கது. சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கி.மீ., திருவெண்ணெய்நல்லூருக்கு மேலும் இருபது சொச்சம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வந்துவிடலாம். ஆனாலும் காலியான நெடுஞ்சாலையில் நூறில் பறக்கும்போது சதவீதம் மளமளவென்று இறங்கும், ஓட்டுபவர் முகமும் கூடவே இறங்கும். பொங்கல் கூட்டத்தில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஊர்ந்து நிற்கும்போதோ மோட்டாருக்கு வேலை இல்லை. ஏசிக்குக் கொஞ்சம் போவது தவிர மின்சாரம் அப்படியே இருக்கும். முன்னும் பின்னும் எல்லாரும் சபித்துக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் பாட்டுக் கேட்பார். உலகிலேயே சுங்கச்சாவடி நெரிசலில் இன்பம் காணும் இந்த உயிரினத்தைப் பற்றி எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.

ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் கடைசியில், மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டி, அடுத்த நாட்களில் அரசூர் அருகே நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறியது. கரண்டும் இல்லை, ரோடும் இல்லை. பெட்ரோல் வண்டி, மின்வண்டி, மாட்டுவண்டி எல்லாம் சமரசமாக நின்றன. ‘சார்ஜிங் வசதிக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்ற கேள்வி அந்த வாரம் யாருக்கும் போகாமல் இருந்திருந்தால் நல்லது.

அயலார் காட்சிதான் சிக்கலானது. ‘கரண்டு வண்டியா? யோசிச்சுக்கோங்க’ என்று எச்சரித்த எதிர்வீட்டுக்காரரிடம் எந்த மின்கார்க்காரரும் உண்மை பேசியதில்லை. 1957-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர், புதிதாகக் கார் வாங்கியவர்கள் தாங்கள் வாங்கிவிட்ட காரின் விளம்பரத்தையே தேடிப் படிக்கிறார்கள் என்று கண்டார்கள். அதே ஆண்டு நூலாக வந்த லியான் ஃபெஸ்டிங்கரின் கொள்கைக்கு அது பொருந்தி வந்தது: எடுத்த முடிவு சரிதான் என்று மனசு தனக்கே வக்காலத்து வாங்கும். டீக்கடையில் அவர் சொல்வது ஒன்று, மனைவியிடம் சொல்வது ஒன்று, சர்வீஸ் சென்டரில் சொல்வது இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு லுங்கியோடு இறங்கி வந்து பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாரே, எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியே கண்ட அந்தக் காட்சிதான் நல்ல சாட்சியம். அது பயமா பாசமா என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

வழக்கின் பிற்பகுதி. வென்ற கிழவரிடம், ‘உம் வீடு எங்கே?’ என்று சபையார் கேட்க, அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துபோனார். டெலிவரிக்குப் பிறகு விற்பனைப் பையனும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறான். ஆனால் கிழவர் சிவபெருமானாகத் தன் உருவத்தில் திரும்பி வந்து பாடச் சொன்னார். எப்படித் தொடங்குவது என்று சுந்தரர் திகைத்தபோது, பந்தலில் ஏசிய சொல்லையே முதல் சொல்லாக வைத்துக்கொள்ளச் சொன்னார். வசவு அர்ச்சனையாகப் பதிவான ஊர் இது. ஒன்று முதல் பத்து வரையுள்ள கட்டங்களில் அந்தச் சொல்லுக்கு இடம் கிடையாது.

ஊர்த் தேரடியில் நிறுத்தியிருந்த மின்கார் ஒன்றின் சொந்தக்காரரிடம், வண்டி எப்படி என்று இந்த ஆய்வுக்காகக் கேட்கப்பட்டது. “சனியன், உயிரை வாங்குது” என்றார். சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து பானெட்டில் விழுந்திருந்த காக்கை எச்சத்தைத் துடைத்து, துடைத்த இடத்தில் வாயால் ஊதி, மறுபடியும் ஒரு தரம் துடைத்தார். எத்தனை என்று போடுவது என்று தெரியாமல் அந்தக் கட்டம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது.