நாய் நாயாத்தான் இரிக்கும், மருமகன்

கட்டார்ல இருந்து வந்து மதிலும் கேற்றும் கட்டி, அல்சேஷன் குட்டி ஒண்டும் வாங்கி விட்டிருக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன், மருமகன். நல்ல விசயம். இப்ப என்னடாவெண்டா, "மாமா, இது குரைக்குது, தோண்டுது, செருப்பக் கடிக்குது" எண்டு முறைப்பாடு. வேற என்ன செய்யுமெண்டு நினைச்சாய்? ரேடியோவில செய்தி வாசிக்குமெண்டா?

வீட்டோட நாய் வளக்கிறது கல்முனைக்குடியில நமக்குப் பெரிசாப் பழக்கமில்ல. வட்டையிலயும் மாட்டுப்பட்டியிலயும் காவலுக்கு வெச்சிருப்பம். அதுக்கு மார்க்கத்தில இடமும் இரிக்கி. வாய் வெச்ச பாத்திரத்த ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண் கலந்து. ஷாபிஈ மத்ஹபுச் சட்டம் அது. கழுவு, வேணாமெண்டல்ல. ஆனா ஏழு தரம் கழுவச் சொன்ன மார்க்கம் ஏழு தரம் பொல்லால அடிக்கச் சொல்லல்ல. தாகத்தில நாக்கத் தொங்கப்போட்ட நாய்க்குச் சப்பாத்தில தண்ணி மொண்டு குடுத்த மனிசன்ட பாவம் மன்னிக்கப்பட்டதெண்டு புஹாரியில இரிக்கி. வெள்ளிக்கிழம கஹ்பு சூரா ஓதுறாய்தானே? குகை வாசல்ல முன்னங்கால நீட்டிக் கிடந்தது ஆரெண்டு கருத்தையும் ஒருக்காப் பாரு.

செருப்பு விசயத்துக்கு வாறன். குட்டிக்குப் பால்பல்லு 28. அது விழுந்து 42 முளைக்க ஆறேழு மாசம் ஆகும். முரசு ஊறுற நேரம் ஒன்ட கட்டார்ச் செருப்புக்கு விலை என்னெண்டு அது பாக்குமா? செருப்ப மேல தூக்கி வெச்சிப்போட்டு, கடிக்க வேற என்னமும் குடு.

தோண்டுறதும் அப்பிடித்தான். மனிசனுக்குப் போல அதுக்கு மேலெல்லாம் வேர்க்காது, பாதத்தில மட்டும்தான். குளிர் நாட்டு ரோமத்தப் போத்திக்கொண்டு கச்சான் காத்தில கிடக்குது. கீழ் மண்ணு குளிரெண்டு அதுக்குத் தெரியும். ஏசி அறைக்குள்ள படுக்கிற நீ அதுக்குக் குத்தம் சொல்றாய்.

ராவையில ஊளையிடுதாம். நீ மாப்பிள்ளையாப் போய் மாமியார் வீட்டில இருந்த முதல் மாசத்த நினைச்சுப் பாரு. இருமக் கூச்சம், ரெண்டாந்தரம் கறி கேக்க வெக்கம். ஒனக்காவது எறச்சியும் வட்டிலப்பமும் தந்தாங்க. உம்மாவ விட்டுப் பிரிஞ்சு வந்த குட்டிக்குக் கிடைச்சது சங்கிலியும் ஏச்சும்தானே.

"கடிச்சுப்போட்டுத் தலையக் குனியுது மாமா, அதுக்குக் குத்தம் தெரியும்" எண்டு வேற சொல்றாய். அமெரிக்காவில அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் எண்ட ஆராய்ச்சிக்காரி 2009ல இதச் சோதிச்சு எழுதினா. ஒரு தப்பும் செய்யாத நாயும் எசமான் ஏசினா அதே முழிதான் முழிச்சிச்சாம். அது குத்த உணர்ச்சி இல்ல வாப்பா, ஒன்ட மூஞ்சியப் பாத்த பயம்.

வாலாட்டினா எல்லாமே சினேகமெண்டும் நம்பாத. வால் விறைச்சு நிண்டு ஆடினா, விலகு. உறுமினா அடிக்காத, கடிக்க முந்தி மரியாதையாச் சொல்லுது. அந்த உறுமல அடிச்சு அடக்கினா, அடுத்த தரம் சொல்லாமக் கடிக்கும். சாப்பிடுற நேரம் பிள்ளைகளக் கிட்டப் போக விடாத.

விசர்நாய்க்கடித் தடுப்பூசிய மட்டும் மறந்திராத. 1973ல இந்த நாட்டில 377 பேர் அதில மௌத்தாப் போனாங்க. நாய்களுக்கு ஊசி போடப் போடத்தான் அது இந்தளவு குறைஞ்சது. கடிபட்டா மஞ்சளப் பூசிக்கொண்டு நிக்காம, சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு நேரா அஷ்ரப் ஆசுபத்திரிக்குப் போ. அரசாங்க ஆசுபத்திரியில அந்த ஊசிக்குச் சல்லி இல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் குரைக்காத, தோண்டாத, கடிக்காத நாய்தான் வேணுமெண்டா, சீமெந்தில ஒண்டு செய்விச்சுக் கேற்றடியில வை. சோறும் வேணாம், ஊசியும் வேணாம். கள்ளனுக்கும் வசதி, அதுக்கு மேல ஏறி நிண்டு மதில் பாய்வான்.