புத்தணி ஆரூடம்: மூலமும் உரையும்

பல்லி விழும் பலனுக்கு நூல் உண்டு. கனவுக்கு உண்டு, தும்மலுக்கு உண்டு, முதுகில் இருக்கும் மச்சத்துக்குக்கூட உண்டு. ஃபார்முலா 1 பந்தயத்தில் புதிதாக இறங்கும் அணி எப்படி ஓட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல மட்டும், நான் தேடியவரை, தமிழில் ஒரு நூலும் இல்லை. ஆகவே நானே மூன்று நூற்பா இயற்றி நானே உரையும் எழுதிவிட்டேன். இதில் ஒரு வசதி: மூலத்தில் ஐயம் வந்தால் உரையாசிரியர் வெளியே போய் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

என் ஆய்வுத் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். 2009 முதல் சீசன் தொடங்குமுன் என் கணிப்பைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, நாலாக மடித்து, அரிசி டிரம் மூடிக்கு அடியில் வைப்பது வழக்கம். எதிர்க்கட்சி ஆய்வாளர் என் மச்சான். தோற்றவர் வென்றவருக்கு ஒரு செட் புரோட்டாவும் சால்னாவும் வாங்கித் தரவேண்டும். இதுவரை யார் யாருக்கு எத்தனை செட் வாங்கித் தந்தார் என்ற அட்டவணை, இட நெருக்கடியால் இங்கே தரப்படவில்லை.

முதல் நூற்பா:

பெயர்ப்பலகை புதிதெனில் பிழைக்கும் புத்தணி
பட்டறை புதிதெனில் பட்டே தெரியும்.

என்னுதலிற்றோ எனின், புதிய அணிகளில் உண்மையான புதிது எது, பொய்யான புதிது எது எனப் பகுத்துணர்த்துதல் நுதலிற்று. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் மைதானத்தின் வாசலுக்கு எதிரே ஒரு பட்டறை. 1991இல் அங்கிருந்து ஜோர்டான் என்ற பெயரில் ஓர் அணி கிளம்பியது. 2006இல் அது மிட்லேண்ட். மறு ஆண்டு ஸ்பைக்கர். அதற்கடுத்த ஆண்டு ஃபோர்ஸ் இந்தியா. பிறகு ரேசிங் பாயிண்ட், 2021 முதல் ஆஸ்டன் மார்ட்டின். ஒவ்வொரு முறையும் ‘புதிய அணி’ என்று செய்தி வந்தது. போர்டு எழுதுகிறவருக்கு மட்டும்தான் அது புதிய வேலை. ஸ்பேனர் பிடித்த கை பெரும்பாலும் பழைய கைதான்.

இந்த நூற்பா பிறந்த கதை எனக்குக் கொஞ்சம் வலிக்கும். 2008 டிசம்பரில் ஹோண்டா பந்தயத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தது. அந்த ஆண்டு பட்டியலில் ஒன்பதாவது வந்த அணி. அதை அணித் தலைவர் ராஸ் பிரான் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். வண்டிக்குள் மெர்சிடிஸ் எஞ்சினை எப்படியோ இடம் பண்ணி உட்காரவைத்தார்கள். மார்ச்சில் பார்சிலோனாவில் சோதனை ஓட்டத்துக்கு வந்தபோது வெள்ளை வண்டியில் சொல்லிக்கொள்ளும்படி விளம்பரமே இல்லை. வந்த வேகத்தில் மற்ற எல்லாரையும்விட வேகமாகச் சுற்றியது. நான் மசியவில்லை. தாளில் இப்படி எழுதினேன்: ‘ஸ்பான்சர் பிடிக்க நாடகம். கடைசி இடம்.’

ஏன் அப்படி எழுதினேன் என்பதற்கு இரண்டாம் நூற்பா விடை தரும்.

சோதனை ஓட்டம் சொல்லும் நேரம்
தொட்டியின் நிறையே, தேரின் திறனன்று.

தேர் என்றது காரை. கார் என்றே எழுதினால் மேகமென்று பொருள்கொண்டு, மழையில் ஓடும் பந்தயத்தைப் பற்றிய நூற்பா இது என்று சிலர் மயங்கக்கூடும். தொட்டி என்றது பெட்ரோல் தொட்டி. பத்துக் கிலோ எரிபொருள் கூடினால் சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி கூடும். நூறு கிலோ வித்தியாசமென்றால் மூன்று விநாடி. சோதனை நாட்களில் யார் எவ்வளவு ஊற்றிக்கொண்டு கிளம்பினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய அணி தொட்டியை நிரப்பிக்கொண்டு சாதுவாகச் சுற்றும். கையில் காசில்லாத அணி சொட்டு விட்டுக்கொண்டு பறந்து, மறுநாள் பேப்பரில் பெயர் வரவைக்கும். 2001இல் ப்ராஸ்ட் அணி சோதனை ஓட்டங்களில் முன்னணி நேரமெல்லாம் போட்டது. சீசன் முடிவில் கிடைத்தது நாலே புள்ளி. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அணியே திவால்.

இந்த அறிவோடுதான் 2009இல் பிரான் அணியைக் கடைசியில் வைத்தேன். அதன் ஓட்டுநர் ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார். ஆண்டு முடிவில் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் அந்த வெள்ளை வண்டிக்கே. தொட்டியில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஹோண்டா காலத்திலேயே, 2008 வண்டியைத் தலைமுழுகிவிட்டு அடுத்த ஆண்டின் புதிய விதிகளுக்காக மாதக்கணக்கில் உழைத்திருந்தார்கள். பின்பக்கத்துக் காற்றுப்போக்கி இரண்டடுக்கில் இருந்தது. ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியதில் அதுவும் சேர்த்தி. பட்டறை பழையது. புரோட்டா புதியது, என் செலவு.

மச்சான் அந்த ஆண்டு முதலிடம் என்று எழுதியிருந்தான். காரணம் கேட்டேன்.

“விளம்பரமே இல்லாத வண்டி அத்தான். கவனம் பூரா ஓட்டத்துலதான இருக்கும்.”

இதைப் பிறர் மதம் என்ற தலைப்பில் குறித்துக்கொள்கிறேன். மறுப்பு கீழே வரும்.

மூன்றாம் நூற்பா:

வாய்ப்பேச்சு வளர வண்டி தேயும்
என்மனார் பார்த்து நொந்திசி னோரே.

எடுத்துக்காட்டு, 1999இல் இறங்கிய பார் அணி. சிகரெட் கம்பெனிப் பணம், 1997 சாம்பியன் வில்னவ், முதல் பந்தயத்திலேயே வெல்வோம் என்ற பேச்சு. ஒரு வண்டிக்கு ஒரு நிறம், இன்னொன்றுக்கு வேறு நிறம் என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்றது விதி. உடனே வண்டியின் இடப்பக்கம் ஒரு சிகரெட், வலப்பக்கம் இன்னொரு சிகரெட், நடுவே இரண்டையும் சேர்க்கும் ஜிப் ஒன்று வரைந்தார்கள். வில்னவ் முதல் பதினொரு பந்தயங்களில் ஒன்றைக்கூட முடிக்கவில்லை. ஆண்டு முழுவதும் அணிக்குக் கிடைத்த புள்ளி பூஜ்யம்.

பணத்துக்குத் தனி நூற்பா தேவையில்லை. டொயோட்டா 2002 முதல் எட்டு ஆண்டு கொட்டிக் கொட்டிப் பார்த்தது. ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. அவசரத்துக்கும் தேவையில்லை: ஓராண்டு முன்கூட்டியே இறங்கிய மாஸ்டர்கார்ட் லோலா, 1997 மெல்போர்ன் தகுதிச் சுற்றில் முதல் வண்டியைவிட 11 விநாடிக்கு மேல் பின்தங்கிப் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. அடுத்து பிரேசில். அங்கே வண்டி ஓடுமுன்பே கடை சாத்தப்பட்டது.

புறனடை: 1954இல் மெர்சிடிஸ் ரான்ஸ் நகரில் முதல் பந்தயத்திலேயே முதலிரண்டு இடங்கள். 1977இல் வுல்ஃப் அணிக்கு முதல் பந்தயத்தில் ஷெக்டர் வென்று தந்தார். 2016இல் ஹாஸ் அணிக்கு க்ரோஜான் மெல்போர்னில் ஆறாவது. ஹாஸை மட்டும் நான் புறனடையாக ஏற்கவில்லை. விதி அனுமதித்த அளவுக்கு எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஃபெராரியிடம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். பிறந்த வீட்டுப் பாத்திரம் பண்டத்தோடு தனிக்குடித்தனம் போனவர்களை எப்படிப் புதுக்குடித்தனம் என்பது?

முழுப் புதிது என்றால் 2010இல் வந்த மூன்று அணிகள். அதில் வர்ஜின், காற்றுச் சுரங்கமே வேண்டாமென்று முழு வண்டியையும் கணினியிலேயே வடிவமைத்தது. கணினி காற்றையெல்லாம் கணக்கிட்டது. பெட்ரோல் தொட்டி மட்டும் முழுப் பந்தயத்துக்கும் போதாத அளவில் அமைந்துவிட்டது. இன்னொரு அணியான எச்.ஆர்.டி.யில் ஓட்டுநர் சென்னையின் கருண் சந்தோக். இங்கே ஆய்வாளர் நடுநிலை தவறினார். ‘புள்ளி நிச்சயம்’ என்று அழுத்தி எழுதியதில் தாளே கிழிந்தது. முதல் பந்தயம் நடந்த பஹ்ரைனில் பயிற்சி நேரமெல்லாம் கருணின் வண்டியைப் பூட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த வண்டியில் அவர் முதன்முதலாக உட்கார்ந்து ஓட்டியது தகுதிச் சுற்றில்! மறுநாள் பந்தயம் அவருக்கு இரண்டு சுற்று ஆவதற்குள் முடிந்தது. அடுத்து மெல்போர்னில் பதினாலாவதாக முடித்தபோது வீட்டில் கேசரி கிண்டினோம்.

மறுப்புக்கு வருகிறேன். 2011இல் அதே அணிக்கு கோவையின் நரேன் கார்த்திகேயன். வண்டியில் விளம்பரம் கிடைக்காத இடங்களில் ‘இங்கே நீங்கள் இருக்கலாம்’ என்கிற பாணியில் எழுதிவைத்திருந்தார்கள். மச்சான் தன் சித்தாந்தப்படி புள்ளி உறுதி என்றான். மெல்போர்னில் அணியின் இரு வண்டிகளும் தகுதிச் சுற்றின் மிக வேகமான நேரத்தில் 107 சதவீத எல்லைக்குள் வராமல் பந்தயத்தில் நிற்கவே முடியவில்லை. இத்துடன் பிறர் மதம் வீழ்ந்தது என்றேன்.

“அது விளம்பரம் இல்லாத வண்டி இல்ல அத்தான். விளம்பரம் கேக்குற வண்டி” என்றான்.

2026க்குப் பதினோராவது அணியாக காடிலாக் வருகிறது என்றதும் புதிய தாள் கிழித்தேன். பட்டறை புதிது. எஞ்சின் ஃபெராரி. ஓட்டுநர்கள் பெரெஸும் போட்டாஸும், இருவருக்கும் சேர்த்து 16 வெற்றி. தலைவர் கிரேம் லௌடன், அதே வர்ஜின் அணியில் இருந்தவர், ஆகவே தொட்டி அளவை மறக்க மாட்டார். நூற்பாக்களை ஒன்றோடொன்று பெருக்கி, புறனடையைக் கழித்து, ஒரு இடத்தை எழுதி மடித்தேன்.

மச்சான் டிரம் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “இந்தத் தடவயாவது பேனாவுல எழுதுங்க அத்தான்.”

உரையாசிரியர் என்பவர் பாடபேதத்துக்கு இடம்விட்டுத்தான் எழுதவேண்டும் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.