பூப் பறிக்கலாம், பெண் எடுக்கக் கூடாது

சீனப் பெருநாள் முடிந்த கையோடு காதலர் தினம் வரும் ஆண்டுகளில் பினாங்குக் கடைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிவப்பை மாற்ற வேண்டியதில்லை. வாசலில் தொங்கும் விளக்கைக் கழற்றி, அதே கொக்கியில் ஓர் அட்டை இதயத்தை மாட்டினால் வேலை முடிந்தது. 2014இல் அந்த வேலையும் மிச்சம். சாப் கோ மே இரவும் பிப்ரவரி 14ஆம் தேதியும் ஒன்றாக விழுந்தன. ஒரே சிவப்பில் இரண்டு கல்லா.

சாப் கோ மே என்பது சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவு. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நோஞ்ஞா எனப்படும் பெரானாக்கான் சீனப் பெண்களை அந்தக் காலத்தில் அன்றைக்கு மட்டும் வண்டியேற்றிக் கடற்கரையில் உலா விடுவார்கள். நல்ல புருஷன் வேண்டி அவர்கள் கடலில் ஆரஞ்சு எறிவார்கள். பாடாங் கோத்தாவில் இன்றும் எறிகிறார்கள், தோலில் கைப்பேசி எண்ணை எழுதி. அந்தக் காலத்துக் கடல் எண் கேட்கவில்லை.

காதலர் தினச் சாப்பாட்டு வியாபாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து பெரிங்கி விடுதியிலிருந்து லெபோ சூலியா சந்துக் காப்பிக்கடை வரைக்கும் ஒரே பலகைதான்: இருவருக்கான சிறப்பு விருந்து. முந்தின நாள்வரை தனித்தனியாகக் கிடந்த சூப்பும் கோழித்துண்டும் ஒரு ஸ்ட்ராபெரி சாட்சியாக ஜோடி சேர்ந்து விலையேறிவிடும். விளக்கை வேறு குறைத்துவிடுவார்கள். காதலுக்காக என்கிறார்கள். பில்லைப் பார்த்தால் வேறு காரணம் தோன்றுகிறது. கொடிமலை உச்சியில் காதல் பூட்டு. இரண்டு பேரும் பெயரெழுதிக் கம்பியில் பூட்டிவிட்டு இறங்கலாம். இறங்கிய பிறகு பூட்டிக்கொள்ள அந்த ஜோடிக்கு ஒரு கதவு இருக்கிறதா என்று மலைமேல் யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு காதல் விற்பனையாகும் மாநிலத்தில் தொட்டில் கடைக்காரர்கள் அல்லவா பங்களா கட்டியிருக்க வேண்டும்? புள்ளிவிவர இலாகாவின் அண்மைக் கணக்குகளில் மலேசியாவிலேயே பிள்ளைப்பேறு மிகக் குறைந்த மாநிலம் பினாங்கு: ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.2. நாடு முழுவதற்குமான சராசரி 1970இல் 4.9 ஆக இருந்தது, 2023இல் 1.7. சீனர்களிடையே ஒன்றுக்கும் கீழே. நம் இந்தியர்களிடையே ஒன்றைக் கொஞ்சம்போல் தாண்டி.

தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே மாதந்தோறும் 14ஆம் தேதிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் பெண்கள் சாக்லேட் கொடுக்க, மார்ச்சில் ஆண்கள் பதில் மரியாதை செய்ய, ஏப்ரலில் யாரும் கிடைக்காதவர்கள் கறுப்பு நூடல்ஸ் தின்ன. 2023இல் அந்த நாட்டுப் பிள்ளைப்பேறு 0.72. பண்டிகை பன்னிரண்டு, பிள்ளை முக்கால்.

ரோஜா வாங்கினால் பிள்ளை பிறக்காது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அதை ஆராய ஏதாவதோர் இலாகா நிதி ஒதுக்கிவிடும். நான் சொல்வது கல்லாக் கணக்கு. இருபத்திரண்டில் கல்யாணம் கட்டி இருபத்து நாலில் பால்மாவு டின்னோடு நிற்பவன் பூங்கொத்து வாங்கமாட்டான். முப்பத்து மூன்றிலும் ‘பார்க்கலாம்’ என்று இருப்பவன்தான் பிப்ரவரிக்குப் பிப்ரவரி வாங்குவான். கல்யாணம் நடந்தால் வியாபாரிக்கு ஒருநாள் வரும்படி, தள்ளிப்போனால் வருடாந்தர வரும்படி. தள்ளிப்போகும் கல்யாணங்கள்தான் இந்தப் பண்டிகையின் விளைநிலம்.

ஏன் தள்ளிப்போகிறது என்பது பரம ரகசியம் ஒன்றும் இல்லை. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பினாங்கு அரசு ‘வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடு’ என்று பெயர் சூட்டிய வீட்டுக்கு ஒரு கட்டத்தில் தீவில் வைத்த உச்சவிலை 4 இலட்சம் வெள்ளி. சாப்பிடாமல், பஸ் ஏறாமல், காய்ச்சல் வராமல் முழுச் சம்பளத்தையும் எண்ணி வைத்தாலும் பத்தொன்பது ஆண்டுக்கு மேலாகும். யாருடைய சக்தி அது என்று பெயர் சூட்டியவரைத்தான் கேட்க வேண்டும். பிறக்கும் பிள்ளைக்கு மாநில அரசு ‘அனாக் எமாஸ்’ திட்டத்தில் 200 வெள்ளி கொடுத்து வந்திருக்கிறது. பிப்ரவரி 14 அன்று கொஞ்சம் கௌரவமான ஒரு பூங்கொத்துக்கு ஆகும் காசு.

ஜார்ஜ்டவுன் நடுவிலேயே குடும்பங்கள் குடியிருந்த காலம் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் கடைவீட்டு மாடிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 1997இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1999 முடியும்வரை அவகாசம். 2000 பிறந்தது, வாடகை மேலே ஏறியது, குடியிருந்தவர்கள் கீழே இறங்கினார்கள். 2008இல் யுனெஸ்கோ வந்து உலகப் பாரம்பரியம் என்று பட்டம் சூட்டியது. பாரம்பரியமாக அங்கே இருந்தவர்களில் பலர் அதற்குள் ஊருக்கு வெளியே போயிருந்தார்கள். சமையல் புகை படிந்த மாடிகள் வெள்ளையடிக்கப்பட்டுத் தேனிலவு விடுதிகளாயின.

2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் லெபோ ஆர்மேனியனில் ஒரு சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். நல்ல படம், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதன் எதிரில் வரிசையைக் கவனியுங்கள். வெயிலில் ஜோடி ஜோடியாக நின்று, முறை வந்ததும் அந்தப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நகரத்துக்குக் கட்டுப்படியாகிற பிள்ளை அதுதான். பால்மாவு கேட்காது, வாடகை ஏறினாலும் காலி பண்ணாது.

வியாபாரியைத் திட்டியாகிவிட்டது. ஒழுக்கக் காவலர்களை விடலாமா? தேசிய ஃபத்வா மன்றம் 2005இலேயே இது முஸ்லிம்கள் கொண்டாடத்தக்க நாள் அல்ல என்று முடிவு சொன்னது. சொல்வது அவர்கள் உரிமை, கேட்பது கேட்பவர் பாடு. ஆனால் 2011இல் இஸ்லாமிய மேம்பாட்டு இலாகாவான ஜாக்கிம் ‘காதலர் தினப் பொறி, ஜாக்கிரதை’ என்று இயக்கமே நடத்தியது. காதலர் தின இரவில் சமய அதிகாரிகள் ஹோட்டல் ஹோட்டலாகக் கதவைத் தட்டி, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் எண்பதுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் தனித்திருந்த குற்றத்துக்கு 3,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. 2018இல் கிளந்தானைச் சேர்ந்த 41 வயது ஆசாமி ஒருவர் எல்லைக்கு அப்பால் போய் 11 வயதுச் சிறுமியை மூன்றாம் மனைவியாகக் கட்டிக்கொண்டு வந்தார். நாடே கொதித்தது. ஷரியா நீதிமன்றம் விதித்த அபராதம் 1,800 வெள்ளி, அதுவும் அனுமதி வாங்காமல் கட்டியதற்காக. வயதுக்கு வந்த இருவர் கதவைச் சாத்தினால் விலை கூடுதல். இதற்குமேல் எழுதினால் இனம், மதம், அரசர் என்று ஏதாவதொரு வகையில் சம்மன் வரும்.

நம் பக்கத்தைச் சொல்லத் தடையில்லை. தமிழ்நாட்டில் பண்பாட்டைக் காக்கப் புறப்பட்ட இந்து வீரர்கள் நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டிக் காதலர் தினத்தை எதிர்த்தார்கள். 2023இல் இந்திய விலங்கு நல வாரியம் பிப்ரவரி 14 அன்று பசுவைக் கட்டிப்பிடியுங்கள் என்று வேண்டுகோளே விட்டது. ஊர் சிரித்த சிரிப்பில் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். பசுவின் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கூச்சலில் ரோஜாவை யார் பறித்தார் என்பது யார் காதிலும் விழுவதில்லை. கேமரன் மலையில், பிளாஸ்டிக் கூரைக்கடியில், அதை வெட்டி, முள் சீவி, கட்டி, லாரியில் ஏற்றுகிறவர் பெரும்பாலும் பங்களாதேசியோ நேப்பாளியோ இந்தோனேசியரோதான். அவர் பிழைப்பு ஒரு தற்காலிக வேலை பெர்மிட்டில் தொங்குகிறது. அந்தப் பெர்மிட்டின் நிபந்தனைகளில் ஒன்று, இந்த நாட்டில் இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது. உள்ளூர்ப் பெண்ணையும் கூடாது, பக்கத்து வரிசையில் பூக் கட்டும் இன்னொரு வெளிநாட்டுத் தொழிலாளியையும் கூடாது. பெண்டாட்டி பிள்ளையை ஊரிலிருந்து கூட்டி வரவும் கூடாது. தொழிலாளி பெண்ணாக இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பச் சோதனையும் சேர்த்தி. கர்ப்பம் என்றால் ‘தகுதியற்றவர்’, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸ் ஆலைகளின் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் இதே சட்டம். நீங்கள் நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் இதயங்களைச் சுமக்கும் சில்லுகள் அந்தக் கைகள் வழியாகத்தான் வருகின்றன.

பிள்ளை குறைகிறதே என்று ஓர் இலாகா மூக்கைச் சிந்துகிறது. பிள்ளை உண்டாகியிருப்பவளை இன்னோர் இலாகா விமானம் ஏற்றுகிறது. இரண்டுக்கும் அலுவலகம் புத்ராஜெயாவில். மதியச் சாப்பாட்டு நேரத்திலாவது சந்தித்துக்கொள்ளக் கூடாதா?

‘பாவம், பங்களா’ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போகிறவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உங்கள் பாட்டனை இறக்கிய துறைமுகமும் இந்தப் பினாங்குதான். ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்துவிட்டுத்தான் கரையேற்றினார்கள். 1911 கணக்கெடுப்பில் மலாயாவில் 1,000 இந்திய ஆண்களுக்கு இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 300 பேர். துரைமாருக்கு வேண்டியிருந்தது இரண்டு கை. கைக்கு உரியவனின் மனசைப் பற்றித் தோட்டக் கணக்கில் பத்தி கிடையாது. ரப்பர் விரிந்த பிறகு கணக்கு திரும்பியது. குடும்பத்தோடு வந்தவன் ஓடிப்போக மாட்டான், பெண்டாட்டி குறைந்த கூலிக்குப் பால் வெட்டுவாள், பிள்ளை இன்னும் குறைந்த கூலிக்குப் புல் பிடுங்கும். அப்போதுதான் ஜோடியாகக் கூட்டிவரச் சொல்லிக் கங்காணிக்கு உத்தரவு போனது. நம் தாத்தா பாட்டிகள் ஜோடியாக வந்ததற்குச் சிபாரிசு செய்தது அந்தக் கணக்குப் புத்தகம். அந்தப் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பங்களாதேசிப் பையன் கட்டிய பூங்கொத்தில் ஓர் இதழ் வாடியிருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்கிறோம்.

நம் தலைவர்களுக்கோ வேறு துயரம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். எந்தப் பள்ளி விழாவானாலும் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, நாட்டில் நாம் ஏழு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டோம், முதலாம் ஆண்டில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது, பெற்றுக்கொள்ளுங்கள் என்று தழுதழுப்பார். அவர் வீட்டுப் பையன் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தால் அதே குரல் தழுதழுக்காமல் கேட்கும்: ‘நம்ம ஆளுங்கதானே?’ ஆள் சரியென்றால் ஜாதகம், ஜாதகம் சரியென்றால் ஆயிரம் பேர் விருந்து, ட்ரோன், பன்னீர் தெளிக்க வாடகைக்கு யானைப் பொம்மை. கல்யாணக் கடன் தீர்வதற்குள் பெண்ணுக்கு முப்பத்தைந்து. பிறகு நாற்காலியைக் காட்டி அழுது என்ன பயன்?

பிள்ளை போதும் என்று நாட்டுக்குப் புத்தி சொல்ல 1966இல் ஒரு வாரியம் வைத்தார்கள். எண்பதுகளில் மகாதீருக்கு ஏழு கோடி மக்கள் வேண்டும் என்று தோன்றியதும், அதே வாரியத்துக்கு 1984இல் ‘மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்’ என்று புதுப் பெயர். பெயரை மாற்றினார்கள், யாரும் சம்பளத்தை மாற்றவில்லை. அந்த வாரியத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த பிப்ரவரி 14 அன்று கருத்தரங்கு வைப்பதானால் நட்சத்திர ஹோட்டலில் வைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குப் பாயான் லெப்பாஸ் ஆலை வாசலில், ஷிப்டு மாறுகிற நேரத்தில் வையுங்கள். இரவு வேலை முடிந்து புருஷன் வெளியே வருவான், காலை வேலைக்குப் பெண்டாட்டி உள்ளே போவாள். குடும்ப மேம்பாட்டை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல, ஆலை பஸ் கிளம்பும்வரை உங்களுக்கு நேரம் உண்டு.