பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஓட்டத் தடங்கள்: காரணவியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஓட்டத் தடம் என்பது, யாரும் துரத்தாத நிலையிலும் பேருந்து எதையும் தவறவிடாத நிலையிலும் ஒருவர் தம் விருப்பத்தால் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் வழி என இக்கட்டுரையில் வரையறுக்கப்படுகிறது. துரத்தப்பட்டு ஓடுவதும் பேருந்துக்காக ஓடுவதும் தொன்மையான வழக்கங்களே எனினும், அவற்றில் திரும்பிவருதல் என்னும் கூறு உறுதியாக இல்லாமையால் அவை ஆய்வெல்லைக்குள் அடங்கா. களமாகக் கொள்ளப்பட்ட இரு மாவட்டங்களுக்கும் இத்தகைய ஓட்டத்தில் முன்னனுபவம் உண்டு. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து உருவான பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து 2001இல் அரியலூர் தனியே புறப்பட்டு, 2002இல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடியும் புறப்பட்டுச் சென்றது. ஆகவே இப்பகுதியில் ஒரு முழுச் சுற்றை ஓடி முடித்த பெருமை, அரசாணைகளின்படி, ஒரு மாவட்டத்துக்கே உரியது.

அமைதியான நாட்டுப்புறத்தில் ஓடுவதற்கு இலக்கணம் வகுத்த நாடாக இங்கிலாந்து கருதப்படுகிறது. அங்கே தனியார் நிலத்தின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதையில் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையுள்ளவர்களாகவே நடந்து வந்திருந்தால், அது பொதுப்பாதையாகிவிட்டதாகக் கொள்ள 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இடமளிக்கிறது; அதாவது நடக்க நடக்கப் பாதை உறுதிப்படுகிறது. பெரம்பலூர்ப் பகுதியில் வண்டிப்பாதை, அதாவது புல வரைபடத்தில் இரட்டைக் கோடாகக் காணப்படுவதும் தரையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுமான பொதுவழி, இதற்கு நேர்மாறான விதியைப் பின்பற்றுகிறது. ஒவ்வோர் ஆடியிலும் இருபுறத்து ஏர்களும் ஆளுக்கொரு சால் உள்ளே வர, பாதை ஆண்டுதோறும் மெலிந்து, இறுதியில் வரப்பாகி, அதன்மேல் ஓடுபவர் ஓட்டக்காரர் என்ற நிலையிலிருந்து கழைக்கூத்தாடி என்ற நிலைக்கு உயர்கிறார்.

இரு நாடுகளுக்கும் நிலவியல் உறவும் உண்டு. தென் இங்கிலாந்தின் புல்மேடுகளுக்கு அடியில் இருக்கும் சுண்ணப்பாறையும், அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயரால் நிலவியலாளர் குறிக்கும் சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல்லும், கிரெட்டேசியஸ் எனப்படும் ஒரே காலகட்டத்தின் பிற்பகுதியில் கடலடியில் படிந்தவை. ஆங்கிலேயர் தம் பங்கின்மேல் புல் வளரவிட்டு ஆடு மேய்த்து, அதன்மேல் ஓடினர். அரியலூர் தன் பங்கைத் தோண்டி, அரைத்து, சிமெண்டாக்கி, மூட்டையில் கட்டி அனுப்பி, அதில் ஒரு பகுதி ஊராட்சியின் சிமெண்ட் சாலையாகத் திரும்பிவந்த பின் அதன்மேல் ஓடுகிறது. முழங்காலுக்கு எது நல்லது என்பதில் மருத்துவர்கள் ஆங்கில முறையையே ஆதரிக்கக்கூடும். உழைப்பின் அளவை நோக்க, அரியலூர் முறையே மேலானது.

இனி ஆய்வின் மையக் கருத்துக்கு வரலாம். இப்பகுதியில் ஓட்டத் தடத்தைத் தீர்மானிப்பது மண்ணோ மேடோ நிழலோ அன்று, காரணம். காரணவியல் என இங்கே குறிக்கப்படுவது, ஓடும் ஒருவர் எதற்காக ஓடுகிறார் என்பதை ஓடாதவர்கள் விசாரித்து அறியும் முறை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஊர் எல்லையைத் தாண்டும் எவரும் முதலில் பால் கறந்துவிட்டு வருபவரிடமும், அடுத்துத் தேநீர்க் கடை பெஞ்சிலும், அதற்கடுத்து மாட்டுத் தொழுவத்தில் சாணம் அள்ளும் மூதாட்டியிடமும் விடையளித்தாக வேண்டும். "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்பது முதல் வினா, "எதுக்கு ஓடுற?" என்பது இரண்டாவது. முதல் வினாவுக்குத் தகப்பன் பெயரும், அது போதாதபோது பாட்டன் பட்டப்பெயரும் விடையாகும். இரண்டாம் வினாவுக்கு ஊர் ஏற்றுக்கொள்ளும் விடைகள் இரண்டே: செலக்சன், சுகர். செலக்சன் என்பது காவல்துறை அல்லது ராணுவத்தின் உடற்தகுதித் தேர்வு. சுகர் என்பது வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் விளைவு. முப்பது வயதுக்குக் கீழே முதலாவதும் நாற்பதுக்கு மேலே இரண்டாவதும் கேள்வியின்றி ஏற்கப்படுகின்றன. இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஓடுபவர் நிலை பரிதாபத்துக்குரியது. "சும்மா, உடம்புக்கு" என்று அவர் உண்மையைச் சொன்னால், சீட்டுப் பணம் கட்டவில்லை போலும் என்ற முடிவுக்கு ஊர் வந்துவிடுகிறது.

பெண்கள் வகையில் விசாரணை இன்னும் நுட்பமானது. தேர்வுக்குப் பயிலும் பெண்ணின் தடம் அநேகமாக அம்மா உட்கார்ந்திருக்கும் மதகுக் கட்டையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தொலைவோடு முடிந்துவிடுகிறது. இது நகைச்சுவைக்கு உரிய செய்தி அன்று என்றாலும், தடத்தின் நீளத்தை நிர்ணயிக்கும் காரணியாதலால் பதிவு செய்யப்படுகிறது.

செலக்சன் தடங்களில் அளவை பற்றிய சிக்கல் ஒன்று உள்ளது. இதுவரை போதிய கவனம் பெறாத இதற்குச் சற்று இடம் ஒதுக்குவது தகும். சாலையோரக் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என எண்ணிட்ட சிறு கற்கள் நடப்படுகின்றன என்பது அறிந்ததே. ராணுவத்துக்கு ஓட வேண்டிய தொலைவு 1.6 கிலோமீட்டர், கிலோமீட்டர் கல்லில் புறப்பட்டவர் அடுத்த கிலோமீட்டர் கல்லைக் கடந்து 6 என்ற சிறு கல்லில் நின்றால் கணக்கு நேராகிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 2 நிமிடம் 30 நொடியில் ஓட வேண்டிய 400 மீட்டரும் 4 என்ற கல்லில் பிசகின்றி முடிகிறது. அதே தேர்வில் ஆண்கள் 7 நிமிடத்தில் ஓட வேண்டிய 1500 மீட்டர் மட்டும் 4க்கும் 6க்கும் நட்டநடுவே, கல்லே இல்லாத இடத்தில் முடிகிறது. அங்கே புளியமரம் ஒன்று இருந்தால் அதுவும், இல்லையேல் நண்பனின் செருப்பும் முடிவுக்கோடாகக் கொள்ளப்படுகின்றன. செருப்பைக் காலால் ஓடிவருபவர் பக்கமாகச் சற்றுத் தள்ளி வைக்கும் நண்பனால் நேரம் குறைவதும், மைதானத்தில் நடக்கும் மெய்யான தேர்வில் அதே நேரம் கூடிவிடுவதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள்.

இடையூறுகளைப் பொறுத்தவரை, நாய்கள் பற்றி ஏற்கெனவே பலரும் கத்தியிருப்பதால் விரிவு தேவையில்லை. டிப்பர் லாரிகளுக்கும் அவ்வாறே. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் கடந்துசென்ற பின் ஓடுபவரின் புருவம் நரைத்துவிடுகிறது என்ற அளவில் நிறுத்தலாம். பெரம்பலூர் மாவட்டத்துக்கே சிறப்பாக உரிய இடையூறு மக்காச்சோளம். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதி களமாகி, ஓரத்தில் கருங்கற்கள் வரிசையாக வைக்கப்பட்டு, மணிகள் மஞ்சள் விரிப்பாகக் காய்கின்றன. உதிர்ந்து எல்லை தாண்டிய நாலு மணிகளில் ஒன்றின்மேல் குதிகால் பட்டால் போதும், ஓட்டம் வழுக்கலாக மாறும். அவ்வேளையில் காவலிருப்பவர் தலையில் துண்டை இழுத்துவிட்டபடி, "அந்தப் பக்கமா ஓடுப்பா, சோளத்த மிதிக்காத" என்பார்; விழுந்தவரின் நலம் பற்றிய விசாரணை அதன் பின்னரே வரும், சில வேளை வராமலும் போகும். அடைமழையில் கரிசல் தடங்கள் தாமே மூடிக்கொள்கின்றன. ஒவ்வோர் அடிக்கும் காலணியில் ஓர் அடுக்கு மண் ஏற, ஓடுபவர் அரைக் கிலோமீட்டருக்குள் உயரத் தகுதியில் தேறிவிட்டு ஓட்டத்தில் தவறுகிறார்.

அமைதியான தடங்களே இல்லையா என்றால், உண்டு. காரை, குளக்கல்நத்தம் பகுதியின் செம்மண்ணும் வெளிர்மண்ணும் அரித்த ஓடைகளில் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடியின் மேல், கால் நனையாமல் ஓடலாம். துப்பாக்கித் தோட்டா போலக் கிடக்கும் பெலம்னைட் புதைபடிவங்கள் உள்ளங்காலில் குத்தும். கரைவெட்டி ஏரிக்கரையில் குளிர்காலத்தில் ஓடலாம். இமயத்தைத் தாண்டிப் பறந்துவந்த வரித்தலை வாத்துகள் அங்கு உண்டு, அவை எவரிடமும் காரணம் கேட்பதில்லை. 2024இல், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி பெற்ற நீர்நிலை அது. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்து ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கத்தின் கரை 16 மைல் நீளம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு கூறுகிறது. ஏறத்தாழ 26 கிலோமீட்டர்; அரை மாரத்தானுக்கு மிகுதி, முழு மாரத்தானுக்குக் குறைவு.

எனினும் இத்தடங்களில் செலக்சன்காரர்களைக் காண்பது அரிது. ஓடையில் கிலோமீட்டர் கல் இல்லை. ஏரிக்கரையில் நேரம் பார்க்க ஆளில்லை. 26 கிலோமீட்டர் ஓடச் சொல்லும் தேர்வு வாரியம் எதுவும் இல்லை. சுகர்காரர்களுக்கோ தேநீர்க் கடை இல்லாத வழி உவப்பதில்லை. தவிர, அவர்களில் பெரும்பாலோர் நடப்பவர்கள் என்பதால் அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரைதான் எழுதப்பட வேண்டும்.